தேய்ந்த தட்டு, தேயாத குரல்

1990-ல் பாப் பாடகி மடோனா ஒரு 'ஹிட்ஸ்' ஆல்பம் வெளியிட்டார். 15 பழைய பாட்டு, கூடவே 2 புதுசு. புதுசு இரண்டையும் தனித்தனி 'சிங்கிள்' ஆகவும் கடைக்கு அனுப்பினார்கள். பழைய பாட்டையெல்லாம் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் ரசிகரை மறுபடி பர்ஸைத் திறக்க வைக்கிற வித்தை! பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரிகிறது.

நம் காவிரிக்கரைக் கணக்கோ தலைகீழ். இங்கே முதலில் வந்தது சிங்கிள்தான்.

1910-ல் மாயவரத்தில் பிறந்தவர் எம்.கே.தியாகராஜ பாகவதர். அவர் காலத்து கிராமபோன் தட்டு, நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிஷம்தான் பதிய முடியும். பக்கத்துக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான். இரும்பு ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும். அப்படியும் போடப் போடத் தட்டு தேயும். அதாவது, எந்தப் பாட்டை ஊர் அதிகம் விரும்புகிறதோ, அந்தத் தட்டுக்குத்தான் ஆயுசு கம்மி!

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்தது. பாட்டு எழுதிய பாபநாசம் சிவனும் பழைய தஞ்சாவூர் ஜில்லாக்காரர்தான். சாருகேசி ராகத்தில் அமைந்த 'மன்மத லீலை', ராகத்தின் பேர்கூடத் தெரியாதவர்கள் வாயிலும் புகுந்துகொண்டது. சென்னை பிராட்வே தியேட்டரில் படம் மூன்று தீபாவளி கண்டது.

இதில் ஒரு கொடுமை உண்டு. அந்த மூன்றில் முதல் தீபாவளிக்கு மட்டும்தான் பாகவதர் வெளியே இருந்தார். 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். டிசம்பரில் பாகவதர் கைது. அடுத்த வருஷம் ஆயுள் தண்டனை. திரையில் அவர் பாட, ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பாடியவரோ கம்பிக்குப் பின்னால்!

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் பாகவதர் விடுதலையானார். குற்றமற்றவர் என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால், போன காலத்தை யார் திருப்பிக் கொடுப்பது? 1948-ல் வந்த 'ராஜமுக்தி' ஓடவில்லை. அதற்குப் பிறகும் பழைய மவுசு திரும்பவே இல்லை. 1959 நவம்பர் 1-ம் தேதி காலமானபோது அவருக்கு வயது 49.

அப்புறம்தான் தொகுப்புகள் வந்தன. எல்.பி., கேசட், சி.டி. என்று வடிவம் மாற மாற, அதே பாட்டுகள் மறுபடி மறுபடி விற்றன. ஆசை காட்டச் சேர்ப்பதற்குப் புதுப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. பாட ஆள் எங்கே?

கணக்குப் புத்தகத்தில் கிராமபோன் பெட்டிக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதுவார்கள். தட்டுக்கும் எழுதலாம். மாயவரத்துக் குரலுக்கு எந்தப் பத்தியில் எழுதுவது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.