மீண்டெழும் மலேரியாவும் பிரைமாகுயினின் முழு அளவும்: தமிழக நோக்கில் ஓர் ஆய்வு

மலேரியா ஒட்டுண்ணிகளுள் பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்பது இரத்தத்தில் பெருகுவதோடு நில்லாமல், கல்லீரல் செல்களில் உறங்குநிலை வடிவங்களாகத் தங்கியிருந்து, வாரங்களோ மாதங்களோ கழிந்தபின், புதிய கொசுக்கடி ஏதுமின்றியே மீண்டும் காய்ச்சலை உண்டாக்க வல்லது. இரத்தத்திலுள்ள ஒட்டுண்ணியை மூன்று நாள் குளோரோகுயின் அழித்தாலும் கல்லீரலில் உறங்குவதை அது தீண்டுவதில்லை. அதனை அழிக்கப் பிரைமாகுயின், டாஃபெனோகுயின் ஆகிய இரு மருந்துகளே இன்று பயன்பாட்டில் உள்ளன. பிரைமாகுயின் பலனளிக்கவில்லை எனக் கருதப்பட்ட இடங்களில் உண்மையில் குறைந்திருந்தது, பெரும்பாலும், நோயாளியின் உடலைச் சென்றடைந்த மொத்த அளவே என்பது இக்கட்டுரையின் கருத்து.

இந்தியாவில் நெடுங்காலம் நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் மட்டுமே பிரைமாகுயின் வழங்கப்பட்டது. மொத்த அளவு 75 மில்லிகிராம். பின்னர் நடைமுறைக்கு வந்த 14 நாள் முறையில் அது 210 மில்லிகிராம். இலங்கை ஆய்வாளர் கலப்பத்தியும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பிரதாப் தாரியனும் கிருபாகரனும் 2013இல் வெளியிட்ட காக்ரேன் தொகுப்பாய்வு, ஐந்து நாள் முறை குளோரோகுயினை மட்டும் கொடுப்பதைவிட மேலானதன்று என்றும், 14 நாள் முறை நோய் மீள்வதைக் குறைக்கிறது என்றும் காட்டியது.

இம்முடிவு செட்டிநாட்டுக்கும் பொருந்துவது. இராமநாதபுரத்தின் இராமேசுவரம் தீவிலும், சென்னையிலும், கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் முட்டையிடும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசு இந்நோயைப் பரப்பி வந்துள்ளது. அங்கே வேலை பார்த்துச் செட்டிநாட்டுக் காரைக்குடிக்குத் திரும்பும் தொழிலாளி, காய்ச்சல் விட்டதும் உடம்பு தேறிவிட்டதாக எண்ணி ஐந்தாம் நாளோடு மாத்திரையை நிறுத்துவாராயின், அரசு கைவிட்ட பழைய முறைக்கே அவர் தம்மையறியாமல் திரும்புகிறார். சில மாதங்களில் வரும் அடுத்த காய்ச்சல் உறங்கிய ஒட்டுண்ணியால் வந்ததா, புதிய தொற்றா என்பதை இரத்தப் பூச்சுச் சோதனையால் பிரித்தறிய இயலாது.

அவ்வாறாயின் நாட்களைக் குறைக்கலாகாதா என்னும் வினா நியாயமானதே. உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் வீதம் ஏழு நாள் கொடுத்தாலும், 0.25 வீதம் 14 நாள் கொடுத்தாலும் மொத்தம் கிலோவுக்கு 3.5 மில்லிகிராமே. 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டாஃபெனோகுயினோ ஒரே வேளையில் முடிந்துவிடுகிறது. எனினும் ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களிடம் இவ்விரு மருந்துகளும் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். சிதைவு தென்பட்டால் பிரைமாகுயினை உடனே நிறுத்திவிடலாம். டாஃபெனோகுயினோ உட்கொண்டபின் வாரக்கணக்கில் உடலில் தங்குவதால் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே நொதியின் அளவை எண்ணிக்கையாகக் காட்டும் சோதனை ஆரம்ப சுகாதார நிலையம் வரை எட்டிய பின்னரே இப்புதிய மருந்தை அங்குப் பரவலாக்குவது முறையாகும்.

உள்ளூர்த் தொற்று 2012க்குப்பின் காணப்படாது 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட இலங்கை, மருந்தோடு நோயாளியைத் தொடர்ந்து கண்காணித்தலையும் இணைத்தே அந்நிலையை எய்தியது. 2030க்குள் மலேரியாவை ஒழிக்க உறுதிபூண்டுள்ள இந்தியாவில், மாத்திரைகளை மொத்தமாகக் கையில் கொடுத்தனுப்புவதைச் சிகிச்சையின் முடிவாகக் கொள்ளாமல், பதினான்காம் நாள் மாத்திரை உட்கொள்ளப்பட்டதைக் கிராம சுகாதாரச் செவிலியர் உறுதிசெய்வதையே முடிவாகக் கொள்ள வேண்டும். நோயாளி வேறு ஊருக்குப் பெயர்ந்தால் அவ்வூர்ச் சுகாதார நிலையத்திற்கு அப்பொறுப்பை மாற்றித்தரும் ஏற்பாடும் அதனோடு சேர வேண்டும்.