சாட்சியே நடிகராகும்போது

ஏதென்ஸ் நகரில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரினிக்கஸ் என்றொரு நாடகாசிரியர் வாழ்ந்தார். பாரசீகர் கி.மு. 494இல் மிலீட்டஸ் நகரைப் பிடித்துப் பாழாக்கிய செய்தியை அவர் நாடகமாக்கினார். மிலீட்டஸ் மக்கள் ஏதென்ஸ் மக்களுக்கு உறவினர் போன்றவர்கள். எனவே நாடகம் பார்த்த அவை முழுவதும் அழுதது. விளைவு என்ன? சொந்தத் துன்பத்தை நினைவூட்டினார் என்று ஆசிரியருக்கு 1,000 திராக்மா அபராதம் விதித்தார்கள். அந்நாடகத்தை இனி எவரும் நடிக்கலாகாது என்றும் தடை செய்தார்கள். ஹெரோடோட்டஸ் எழுதிய வரலாற்றில் இச்செய்தியைக் காண்கிறோம்.

கி.மு. 472இல் ஈஸ்கிலஸ் வேறு வழி கண்டார். அவரே மாரத்தான் போரில் வாளேந்தியவர். ஆயினும் தம் நகரத்தின் வெற்றியைத் தம் வாயால் பாடவில்லை. ‘பாரசீகர்’ என்னும் நாடகத்தில் காட்சி பகைவரின் அரண்மனையிலே நிகழ்கிறது. சலாமிஸ் கடற்போரில் தோற்ற படையின் தூதுவன் வந்து, தான் நேரில் கண்டதை அரசியிடம் சொல்கிறான். போர் முடிந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அப்போரில் துடுப்புப் போட்டவர்கள் பலர் அவையில் இருந்திருப்பார்கள். ஆனால் மேடையில் பேசியவன் முகமூடி அணிந்த நடிகன். கண்டவர் அவையில் அமர்ந்திருக்க, நடிகர் நின்று பேசும் இந்த ஏற்பாடே நெடுங்காலம் நிலைத்தது.

நம் காலத்துக்கு அண்மையில், 1965ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், பீட்டர் வைஸ் எழுதிய ‘விசாரணை’ என்னும் நாடகம் இரு ஜெர்மனிகளிலும் பல அரங்குகளில் ஒரே நேரத்தில் அரங்கேறியது. ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் பணியாற்றியோர்மீது ஃபிராங்க்ஃபர்ட் நகரில் நடந்த வழக்கின் சாட்சியங்களே அதன் வசனம். அதில் குற்றவாளிகளுக்குப் பெயர் உண்டு. சாட்சிகளுக்கு எண் மட்டுமே. முகாமில் பெயரை இழந்தவர்கள் மேடையிலும் பெயரின்றியே நிற்கிறார்கள். எனினும் இங்கும் சாட்சி கூறியவர் ஒருவர், அதை மேடையில் பேசியவர் வேறொருவர்.

இந்த இடைவெளியை நீக்க முயன்றது 2016இல் இங்கிலாந்தில் அரங்கேறிய ‘கண்ணிவெடி நிலம்’. ஆக்கியவர் அர்ஜென்டின நாட்டு அம்மையார் லோலா ஆரியாஸ். 1982இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் ஒரு தீவுக் கூட்டத்துக்காக 74 நாட்கள் போரிட்டன. பிரிட்டிஷார் அதை ஃபாக்லாந்து என்பர். அர்ஜென்டினர் மால்வினாஸ் என்பர். அர்ஜென்டினர் 649 பேரும் பிரிட்டிஷ் தரப்பில் 255 பேரும் மாண்டனர். அர்ஜென்டினப் படையில் பெரும்பாலோர் கட்டாயச் சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்கள். தோற்றுத் திரும்பியபோது, கண்டதை வெளியே சொல்ல வேண்டாம் என்று இராணுவ அரசு அவர்களை வாயடைக்கச் செய்தது.

நாடகத்தில் அறுவர். ஒரு பக்கத்துக்கு மூவர். எல்லாரும் அப்போரில் ஈடுபட்ட முன்னாள் வீரர்கள். தொழில் நடிகர் ஒருவரும் இல்லை. ‘ஜெனரல் பெல்கிரானோ’ கப்பல் மூழ்கியபோது 323 பேர் மடிந்தனர். அதில் தப்பியவர் ஒருவர் மேடையில் இருக்கிறார். நேபாளத்துக் கூர்க்கா வீரர் ஒருவர் பிரிட்டிஷார் வரிசையில் நிற்கிறார். போர் முழுவதும் வானொலிச் சங்கேதங்களைக் கேட்டு எழுதிய இன்னொருவர், பின்னாளில் மன நோவுற்ற போர்வீரர்களின் குறைகளைக் கேட்கும் ஆலோசகரானார். வானொலி நேயர்களுக்கு இவரைச் சற்றுக் கூடுதலாகவே பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இங்கேதான் ஒரு சங்கடம் எழுகிறது. நீதிமன்றத்தில் சாட்சி ஒரு முறை சொல்கிறார். மேடையிலோ ஒவ்வோர் இரவும் சொல்ல வேண்டும். பத்தாம் இரவில் வரும் கண்ணீர் உண்மையா, பழக்கமா? இக்கேள்வியை நாடகம் மறைக்கவில்லை. லூ ஆர்மர் என்னும் பிரிட்டிஷ் வீரரின் கைகளில், ஆங்கிலம் பேசிய அர்ஜென்டினர் ஒருவர் உயிர் விட்டார். போருக்குப் பின் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் அதைச் சொல்லும்போது ஆர்மர் அழுதுவிட்டார். தம் தோழர்களுக்காக அழாமல் பகைவனுக்காக அழுதோமே என்று பின்னர் நெடுநாள் வெட்கினார். இளமைக் காலத்து அந்த அழுகையையும் அந்த வெட்கத்தையும் நாடகம் நம்முன் வைக்கிறது. மீண்டும் அழுது காட்டுமாறு கேட்பதைவிட இது மிக நேர்மையானது என்பது என் எண்ணம்.

பேச்சு ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது; மொழிபெயர்ப்பு திரையில் எழுத்தாக ஓடுகிறது. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இந்த அனுபவம் புதிதன்று. அண்டை வீட்டார் தம் மொழியில் துயரம் சொல்லும்போது, பொருள் விளங்கும் முன்பே முகம் விளங்கிவிடுகிறது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இப்போரில் தீவில் குடியிருந்தோர் மூவரும் இறந்தனர். அத்தீவினரில் ஒருவரும் இந்த மேடையில் இல்லை. ஆயுதம் ஏந்தியோரின் நினைவு மட்டுமே இங்குப் பேசுகிறது. யாருடைய வீட்டு வாசலில் போர் நடந்ததோ அவர்களுடைய நினைவுக்கு இடமில்லை.

அறுவரும் ஒத்திகைக்காக முதலில் கூடியபோது, ஒருவரையொருவர் சுட்டிருக்கக்கூடியவர்கள் என்பதை அறிந்தே கூடினார்கள். பின்னர் பல நாடுகளுக்கு ஒன்றாகப் பயணம் செய்தார்கள். 2018இல் அவர்களைக் கொண்டே ஒரு திரைப்படமும் வெளிவந்தது. தீவு எவருக்கு உரியது என்பதில் மட்டும் இரு தரப்பாரும் தத்தம் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை.