கடி முதல் அடி வரை: பலபொருள் ஒருசொல்

ஒரு சொல் பல பொருள் தரும் தமிழ் மரபைப் பற்றி எழுதுமாறு நம் சங்க மலர்க் குழுவினர் பணித்தனர். எடுத்த செயல் இனிது முடிய ஆனைமுகனை நினைப்பது நம் வழக்கம். திருவலிவலப் பதிகத்தில் அவனை அடியவர் இடர் கடிபவனாகப் போற்றினார் திருஞானசம்பந்தர். அந்தக் ‘கடி’யிலிருந்தே தொடங்குகிறேன்.

உரியியல் காட்டும் செல்வம்

‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குக் காப்பு, கூர்மை, புதுமை, விரைவு, அச்சம், சிறப்பு முதலாக 10 பொருள்களை உரியியலில் தொகுத்த தொல்காப்பியர், அடுத்த நூற்பாவில் ஐயத்தையும் கரிப்பையும் கூட்டி 12 ஆக்கினார். பின்வந்த பவணந்தி முனிவர் நன்னூலில் முன்தேற்றையும் ஐயத்தையும் விடுத்து, மணம், திருமணம், ஆர்த்தல் என்பவற்றைச் சேர்த்து 13 என்றார். காவலுடைய ஊர் கடிநகர், மணமுள்ள பூ கடிமலர், திருமணம் கடிமணம். காலத்துக்கேற்பப் பொருளைத் தள்ளவும் கொள்ளவும் இலக்கணப் புலவர்களே தயங்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

இன்றைய மாணவர் சுவையற்ற வேடிக்கையைக் ‘கடி’ என்பர். அது பல்லால் கடிக்கும் வினையின் வழி வந்தது. உரிச்சொல்லின் வாரிசு அன்று. அதே குற்றத்துக்கு அவர்கள் இட்ட மற்றொரு பெயர் ‘மொக்கை’, அதாவது மழுங்கல். பல்லின் கூர்மையும் கத்தியின் மழுங்கலும் ஒரே பொருளில் வந்து சேர்ந்தது பேச்சு வழக்கின் திருவிளையாடல்!

இப்படிப் பல பொருள் தரும் சொற்களுக்கென்றே நிகண்டு ஆசிரியர்கள் தனித் தொகுதி வகுத்தனர். திவாகரத்திலும், மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டிலும் பதினோராம் தொகுதி இதற்கே உரியது. எதுகை முறையில் அமைந்த சூடாமணித் தொகுதியைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தனர். 1732இல் வீரமாமுனிவர் தம் சதுரகராதியில் சொற்களை அகர வரிசைக்குக் கொண்டுவந்தார்.

குழூஉக்குறி

கூட்டத்தார் வேறு பொருள் ஏற்றித் தமக்குள் பேசும் மறைசொல்லுக்கும் நம் முன்னோர் இலக்கணத்தில் இடமளித்தனர். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர். யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பர். வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பர். உண்டவன் உள்ளதையெல்லாம் உளறிவிடுவான் என்பதை வேடர்களே கண்டறிந்து பெயரிட்டனர். என்னே அவர்தம் நுண்மாண் நுழைபுலம்!

வினைகளின் ஆட்சி

பெயர்கள் மட்டுமல்ல, வினைகளும் பல பொருள் தரும். வெள்ளை அடித்தல், மொட்டை அடித்தல், அரட்டை அடித்தல், காப்பி அடித்தல், வெயில் அடித்தல் இவற்றில் எதிலும் யாரும் யாரையும் அடிப்பதில்லை. சோறு போடுவதும், தாழ்ப்பாள் போடுவதும், வழக்குப் போடுவதும், தூக்கம் போடுவதும் வெவ்வேறு செயல்கள். ‘வந்தான்’ என்பது செய்தி. ‘வந்து தொலைத்தான்’ என்பது சலிப்பு. ‘சொல்’ என்பது ஏவல். ‘சொல்லி வை’ என்பது முன்னெச்சரிக்கை. கடையில் வாங்கியவன் பொருளோடு வருவான். ‘வாங்கிக் கட்டிக்கொண்டவன்’ வசையோடு வருவான்.

இவ்வளவு பொருள்களிடையே நாம் தடுமாறாதது ஏன்? விடையைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் தந்துவிட்டார்: வினை, இனம், சார்பு. ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு. அங்கே வினை பெயரின் பொருளைத் தெளிவிக்கிறது. ‘வெள்ளை அடித்தான்’ என்பதில் பெயர் வினையின் பொருளைத் தெளிவிக்கிறது. ‘ஆளைப் போட்டுவிட்டான்’ என்பது கொலையா, வேலைக்கு அமர்த்தியதா என்பதைச் சார்பே உணர்த்தும். பேச்சு மாறினாலும் தெளியும் வழி மாறவில்லை. இதுவே தமிழின் பெருமை.

ஆகவே பேச்சு வழக்கைக் கொச்சை என்று தள்ளுவது நம் இலக்கண மரபுக்கே மாறானது. கரிசல் மண்ணின் சொற்களைத் திரட்டி வட்டார வழக்குச் சொல்லகராதி தந்த கி. ராஜநாராயணன் காட்டிய நெறி நம்முன் உள்ளது. அன்பர்களே, உங்கள் வீட்டு முதியோரும் தொழிலாளரும் வழங்கும் சொற்களை இன்றே குறித்து வையுங்கள். அவற்றை ஒரு நூலாகத் தொகுக்கும் பணியை நம் சங்கம் தலைமேற்கொள்ள வேண்டும்.