பொத்தானும் வரலாற்றுச் சான்றும்

பொத்தான் என்பது போர்ச்சுகீசிய மொழியினின்றும் தமிழுக்கு வந்த சொல். சாவி, அலமாரி, மேசை, ஜன்னல் ஆகியவற்றோடு ஒருங்கு எண்ணத்தக்க இச்சொல்லின் மூலம், அம்மொழியில் மலர்மொட்டையும் குறிக்கும். சொல்லின் வரலாறு இவ்வாறிருக்க, அச்சொல் குறிக்கும் சிறுபொருளும் வரலாற்றுக்குச் சான்றாதல் கூடுமோ என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் வினா. இங்கிலாந்தின் உழவு வயல்களில் உலோகங்காண் கருவியால் கண்டெடுக்கப்பெறும் பழைய பொத்தான்களே இவ்வாராய்ச்சிக்கு முதற்களமாகும்.

1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலிற் பாய்ந்த குண்டைத் தேடுதற்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைப் பயன்படுத்தினார். இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடிகளைக் கண்டறியும் கருவியாக அது வளர்ந்தது. பின்னர்ப் பொதுமக்கள் கைக்கும் எட்டிப் பழம்பொருள் தேடுவோரின் துணையாயிற்று. காசுகளைத் தேடிச் செல்வோர்க்கு மிகுதியும் கிடைப்பவற்றுள் பொத்தான்களும் அடங்கும். காசன்று எனக் கண்டு அவற்றை எறிந்து விடுவோரும் உளர். விரும்பித் தொகுப்போரும் உளர்.

பொத்தான் காலங் காட்டுமாறு யாங்ஙனம் எனின், அதன் முகமும் முதுகும் அதனைக் கூறும். 1767இல் பிறந்த அரசாணையால் பிரித்தானியக் காலாட்படைப் பிரிவுகள் தத்தம் எண்ணைப் பொத்தானிற் பொறிக்கலாயின. 1855இல் படைவீரர்க்குரிய பியூட்டர் பொத்தான்கள் நீங்கிப் பித்தளைப் பொத்தான்கள் வந்தன. 1871இல் வீரர் பெரும்பாலார்க்கும் அரசச் சின்னம் பொறித்த பொதுப் பொத்தான் வழங்கப்பட்டது. 1881ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தால் படைப்பிரிவுகள் எண்ணை விடுத்து வட்டாரப் பெயர்களை ஏற்றன. ஆதலின், எண் பொறித்த பியூட்டர் பொத்தான் ஒன்று கிடைப்பின், அதனை அணிந்தவன் எப்பிரிவினன் என்பதும், அஃது எக்கால எல்லைக்குள் அடங்குவது என்பதும் ஒருங்கே புலனாகும். குடிமக்கள் அணிந்த பொத்தான்களுக்கும் இவ்வாறே சட்டம் துணைசெய்யும். பொன்முலாம் என்னும் பெயரால் பொய்ச்சரக்கு விற்பதைத் தடுக்க 1796இல் இயற்றப்பட்ட சட்டம், ஓரங்குல அகலமுள்ள 144 பொத்தான்களுக்குக் குறைந்தது 5 கிரெயின் பொன் வேண்டும் என வரையறுத்தது. பொத்தானின் முதுகிற் காணப்பெறும் முலாம் பற்றிய சொற்களை இச்சட்டத்தோடு வைத்து நோக்குதல் வேண்டும்.

இவையெல்லாம் பொத்தான் தானே கூறுஞ் சான்று. அது கிடந்த இடம் கூறுஞ் சான்று வேறு. புறநானூற்றுப் பாட்டின் அடியில் நிற்கும் குறிப்பு, பாடினார் யார், பாடப்பட்டார் யார், திணையும் துறையும் யாவை என அறிவிக்கின்றது. அக்குறிப்பு சிதைந்த இடங்களில் பாட்டின் சுவை குன்றாதாயினும் வரலாற்றுப் பயன் குன்றுகின்றது. கண்டெடுத்த இடம் பதியப்பெறாத பொத்தானும் அத்தகையதே.

எனினும், இடச்சான்றைக் கொள்ளுங்கால் எச்சரிக்கை வேண்டும். ஒரு வயலில் படைவீரன் பொத்தான் கிடைத்தமையால் ஆங்குப் படை தங்கியது என்றோ போர் நிகழ்ந்தது என்றோ துணிதல் பிழையாம். கம்பளிக் கந்தலும், கம்பளி ஆலைக் கழிவும் உரமாக வயல்களில் இடப்பட்டன. கென்ட் வட்டாரத்து ஹாப்புத் தோட்டங்களில் இவ்வழக்கம் பெரிதும் இருந்தது. நகரக் கழிவும் எருவாக வண்டியேறிச் சென்றது. பழஞ்சட்டையோடு அதன் பொத்தானும் அவ்வழியே மண் புகுந்திருத்தல் கூடும். ஆகவே ஒற்றைப் பொத்தான் ஒரு நிகழ்ச்சிக்குச் சான்றாகாது. பல பொருள்கள் ஒரு நிலத்திற் பரவிக் கிடக்கும் முறையே சான்றாகும்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம். 1876 ஜூன் திங்களில் லகோட்டா, செயென் மக்களோடு பொருத கஸ்டரும் அவருடன் நின்ற ஏறத்தாழ 210 பேரும் ஆங்கு மாண்டனர். 1890இல் வீரர் வீழ்ந்த இடங்களெனக் கருதப்பட்டவற்றில் கற்கள் நடப்பட்டன. அக்கற்களோ ஏறத்தாழ 250. 1983இல் புல்வெளி தீப்பற்றி எரிந்து நிலம் வெளிப்பட, 1984, 1985ஆம் ஆண்டுகளில் தொல்லியலார் உலோகங்காண் கருவியில் வல்ல தன்னார்வலர்களைத் துணைக்கொண்டு களத்தை ஆராய்ந்தனர். ஒவ்வொரு பொருளும் கிடந்த இடம் கொடியால் அடையாளமிடப்பட்டு வரைபடத்திற் குறிக்கப்பட்டது. கற்களின் அடியில் அகழ்ந்தபோது எலும்புகளோடு சீருடைப் பொத்தான்களும் கிடைத்தன. இணையாக நின்ற கற்கள் பலவற்றின் கீழ் ஒருவர் எச்சமே காணப்பட்டது. கற்களின் தொகை மிக்கமைக்குக் காரணம் இங்ஙனம் விளங்கிற்று. அப்பொத்தான்கள் முன்னரே பொறுக்கப்பட்டுப் பெட்டியில் அடைந்திருப்பின் இவ்வுண்மை துலங்குதற்கு இடமில்லை. கருவி ஒன்றே, அதனை ஆளும் முறையே பயனை வேறுபடுத்துகின்றது.

இங்கிலாந்தின் நிலைமைக்கு மீள்வோம். 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாக்கப்பெற்ற தொல்லிடங்களில் இசைவின்றி இக்கருவியைப் பயன்படுத்துதல் குற்றம். 1996ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையும் நூற்றுக்குப் பத்துப் பங்கேனும் வெள்ளியோ பொன்னோ உடைமையும் கொண்ட அணிபொருள் புதையலாகும். அதனைப் பதினான்கு நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். ஆதலின் பதினேழாம் நூற்றாண்டு வெள்ளிப் பொத்தான் ஒன்றேயாயினும் சட்டத்தின் பார்வைக்கு உட்படும். ஏனைய கண்டெடுப்புகளை, உரியோர் விரும்பி அளிக்குமாறு பதிவு செய்ய 1997இல் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் திட்டம் தொடங்கிற்று; 2003இல் அஃது இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் பரவியது. ஆனால் 1700க்குப் பிற்பட்ட பொருள்களுள் தெரிந்தெடுத்த சிலவற்றையே அத்திட்டம் பதிகின்றது. எண் பொறித்த படைப்பொத்தான்கள் 1767க்குப் பிற்பட்டவை என்பதை மேலே கண்டோம். எனவே, காலத்தைத் தெளிவுறக் காட்டவல்ல இப்பொத்தான்களுட் பெரும்பாலன சட்டத்தின் எல்லைக்கும் பதிவின் எல்லைக்கும் புறத்தே நின்று, தொகுப்போர் பெட்டிகளில் இடமறியாது கலக்கின்றன.

இக்குறையைத் தீர்க்கும் ஆற்றல் தொகுப்போரிடமே உண்டு. நிலவுடைமையாளரின் இசைவு பெற்று, உழவு கலைத்த மேல்மண்ணின் அளவில் நின்று, ஒவ்வொரு பொத்தானுக்கும் கிடைத்த வயல், இடம், ஆழம், நாள், உடன்கிடந்த பொருள் ஆகியவற்றை எழுதி வைத்தல் அவர்க்கு அரிதன்று. அவ்வேடு பொத்தானோடு பிரியாது நிற்றல் வேண்டும்; தொகுப்பு கைமாறுங்கால் உடன் செல்லுதலும் வேண்டும். மன்னர் பொறித்த கல்வெட்டில் இடம்பெறாத எளிய வீரனும் உழவனும் ஏவலாளனும் தம் இருப்பை அறிவிக்க விட்டுச்சென்ற தடங்களுள் அறுந்து வீழ்ந்த பொத்தானும் ஒன்று. அதனை எடுத்தவன் அது கிடந்த இடத்தை எழுதாது விடுவானாயின், மண் காத்த அத்தடம் அவன் கையாலேயே அழிந்ததாகும்.