மூக்கும் கருவியும்: மலையகத் தேயிலையின் தரம் கண்ட வரலாறு

1885ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை நானுஓயாவை அடைந்தது. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் விளைந்த தேயிலை, அதன்பின் விரைவாகக் கொழும்பைச் சேரலாயிற்று. அங்கு 1883இலேயே தேயிலை ஏலம் தொடங்கியிருந்தது. ஏலத்தில் தரத்தை மதிப்பிட்டது சுவைஞரின் நா. ஆயின், அந்நாவுக்கு முன்னரே தரத்தைத் தீர்மானித்த புலனொன்று மலையிலேயே இருந்தது. தொழிற்சாலையில் இலையோடு பழகியோரின் மூக்கே அது.

பறித்த கொழுந்தில் ஏறத்தாழ முக்காற்பங்கு நீராகும். அதனை வாட்டி உருட்டியதும், இலையின் நொதியங்கள் வளியின் துணையுடன் ஒட்சியேற்றத்தை நிகழ்த்துகின்றன. இதனையே நொதித்தல் என்பர். பச்சை மணம் மறைந்து இனிய மணம் எழுகின்ற வேளையில் இலையை உலர்த்த வேண்டும். முந்தினால் கடுமை மிகும். பிந்தினால் சாயத்தின் துடிப்புக் குன்றும். உலர்த்திய இலையில் ஈரம் மிகுந்து நின்றாலோ பூஞ்சணம் பற்றும். குளிருக்கேற்ப நொதித்தற் காலம் மாறுமாதலின், மலைநாட்டில் கடிகாரம் மட்டும் போதுவதன்று.

1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. பின்னர் அது தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள் தொழிற்சாலைகளில் இடம்பெற்றன. அவை காற்றின் ஈரத்தை அளந்தன, மணத்தை அளக்கவில்லை.

மணத்தை அளக்கும் வழி 1982இல் புலனாயிற்று. இங்கிலாந்தின் வோரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்சோட், டொட் ஆகியோர், பல உணரிகளின் துலங்கல்களை ஒருங்கே நோக்கி மணங்களை வேறுபடுத்தலாம் எனக் காட்டினர். இந்நெறியில் கொல்கத்தாவின் சி-டாக் நிறுவன ஆய்வாளர்கள் தேயிலைக்கென மின்னணு மூக்கொன்றை அமைத்தனர். 2008இல் வெளியான அவர்தம் ஆய்வில், கருவியின் அளவீடுகள் தேயிலைச் சுவைஞர் இட்ட மதிப்பெண்களுடன் ஒப்பிடப்பட்டன.

இங்கு நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. கருவி தானாக நன்று தீதறியாது. மனிதர் நல்லதெனச் சொன்னதையே அதுவும் நல்லதெனக் கற்கின்றது. அவ்வாறாயின், எந்த மனிதர்? சுவைஞரின் தீர்ப்பு மதிப்பெண்ணாக ஏடேறிற்று. நொதிக்கும் இலையை அள்ளி முகர்ந்து, "இப்போது" என்று சொன்ன தொழிலாளியின் அறிவை எழுதிவைத்தார் மிகச் சிலரே. 1948இல் அம்மக்களின் குடியுரிமையே பறிபோயிற்று. அவர்தம் தொழிலறிவு வரலாற்றில் இடம்பெறாமை வியப்பன்று.

உணரிகள் வருவதை நாம் வரவேற்போம். எனினும், அவை தொழிற்சாலைகளில் நிலைபெறுமுன், முதிய தொழிலாளரிடம் சென்று அவ்வறிவைக் கேட்டு எழுதுதல் மாணவராகிய நம் கடனாகும்.