ஜாயா சேர்: பாடசாலையும் பாராளுமன்றமும்

தேர்தல் நெருங்கினால் எங்கள் ஊர்களில் ஒரே கணக்குத்தான். எங்களுக்கு எத்தனை ஆசனம், யார் எங்கள் ஆள்? இந்தக் கணக்கு புதியதல்ல. அதை நூறு வருடத்துக்கு முன்பே போட்டுப் பார்த்த ஒருவரைப் பற்றி எழுதுவோம் என்று நினைத்தோம். அவரும் எங்களைப் போல ஒரு ஆசிரியர். பெயர் துவான் புர்ஹானுதீன் ஜாயா. மாத்தளை ஸாஹிரா என்று இன்று நாங்கள் சொல்லும் கல்லூரி, கொழும்பு ஸாஹிராவின் கிளைகளில் ஒன்றாக இவருடைய காலத்தில் உருவானது. கம்பளை, புத்தளம், அளுத்கம ஸாஹிராக்களின் கதையும் இதேதான்.

1890இல் கலகெதரையில் ஒரு மலாய்க் குடும்பத்தில் பிறந்தவர். கண்டி தர்மராஜவிலும் கொழும்பு ஆனந்தாவிலும் படிப்பித்தார். இரண்டும் பௌத்தப் பாடசாலைகள் என்பதை மறக்க வேண்டாம். 1921இல் ஸாஹிராவின் அதிபரானபோது அங்கே இருந்தது 59 மாணவர்களும் 6 ஆசிரியர்களும்தான். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அந்தப் பொறுப்பில் இருந்து, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் கல்லூரியாக அதை வளர்த்துவிட்டார்.

இதே காலத்தில்தான் அரசியலும். 1924இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். அப்போது முஸ்லிம்களுக்கென்று மூன்று ஆசனங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 1931இல் டொனமூர் யாப்பு எல்லோருக்கும் வாக்குரிமை தந்தது, ஆனால் இனவாரி ஆசனங்களை எடுத்துவிட்டது. விளைவு, 1936 பொதுத் தேர்தலில் ஒரு முஸ்லிமும் வெல்லவில்லை. ஜாயா நியமன உறுப்பினராகத்தான் அரசாங்க சபைக்குள் போனார். அந்தச் சபையில் மாத்தளையின் பிரதிநிதி பேர்னார்ட் அலுவிகார.

இப்போது 1945க்கு வருவோம். சோல்பரி ஆணைக்குழுவின் அறிக்கையை அடுத்து வெளியான வெள்ளை அறிக்கையை ஏற்பதா என்று டீ.எஸ். சேனாநாயக்க நவம்பரில் சபையில் பிரேரணை கொண்டுவந்தார். 1915 கலவரத்தில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்ததைக் கண்ணால் கண்ட தலைமுறை அன்று உயிரோடு இருந்தது. பொதுத் தேர்தலில் ஒரு ஆசனமும் கிடைக்காத அனுபவமும் இருந்தது. பாதுகாப்புக் கேட்க முஸ்லிம்களுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஜாயா நாட்டின் சுதந்திரத்தின் பக்கம் நின்றார். சமூகத்தின் கோரிக்கை அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. பிரேரணை 51க்கு 3 என்ற வாக்குகளால் நிறைவேறியது.

எங்கள் பிள்ளைகளுக்கு இதுவரை சொல்லிக் கொடுக்கிறோம். இதோடு நிறுத்துவது நேர்மையல்ல.

எதிர்த்த மூவரில் இருவர் இந்தியத் தமிழ் உறுப்பினர்கள். அவர்களுக்கு என்ன பயம் என்பது மூன்றே வருடத்தில் தெரிந்துவிட்டது. 1947இல் ஜாயா கொழும்பு மத்திய தொகுதியில் வென்று தொழில், சமூக சேவைகள் அமைச்சரானார். 1948இல் அதே அரசாங்கம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தோட்டத்தில் உழைத்த இலட்சக்கணக்கான மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். தொழிலாளருக்குப் பொறுப்பான அமைச்சர் அமைச்சரவையில் இருக்கும்போதே அது நடந்தது. இரத்தோட்டையிலும் உக்குவெலையிலும் எல்கடுவையிலும் எங்களோடு ஒரே பஸ்ஸில் வரும் மக்களின் பாட்டன் பாட்டிமார் அவர்கள். அந்தப் பிரச்சினை முழுதாகத் தீர 2003 வரை போனது.

இதனால் ஜாயா சிறியவர் ஆகிவிடமாட்டார். பெரும்பான்மையை நம்பியது அவருடைய பெருந்தன்மை. ஆனால் நம்பிக்கை எங்கள் சமூகத்துக்கு மட்டும் பலன் தந்து, பக்கத்து வீட்டுக்காரனைக் கைவிடுமானால் அது குறைதான். ஒரு தலைவரை மதிப்பதற்கு அவரைக் குறையில்லாதவராக்கத் தேவையில்லை. வரலாறு படிப்பிக்கும் நாங்கள் முதலில் கற்க வேண்டியது இதை.

1950இல் பாகிஸ்தானுக்கான உயர்ஸ்தானிகராகப் போனார். 1960இல் ஹஜ்ஜுக்குச் சென்றிருந்தபோது மதீனாவில் வபாத்தானார். ஜன்னத்துல் பகீஃயில் அடக்கம் செய்யப்பட்டார். அல்லாஹ் அவருக்கு மேலான சுவனத்தைக் கொடுப்பானாக.

அவர் இருந்த ஆசனங்களில் இன்று வேறு யாரோ. அவர் கட்டிய பாடசாலைகளில் இன்றும் காலையில் மணி அடிக்கிறது. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் "நீங்கள் எங்கள் ஆளா?" என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். "எங்கள் பாடசாலைக்கு என்ன செய்வீர்கள், பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்கு என்ன செய்வீர்கள்?" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்போம்.