வேலனைக் கேட்டார்கள், அவளைக் கேட்கவில்லை

சங்க அகப்பாடல்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. மகள் மெலிகிறாள். வளை கழல்கிறது, நெற்றி பசக்கிறது. தாய் பதறிப்போய்க் கட்டுவிச்சியை அழைக்கிறாள். அவள் முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கிறாள். வேலன் கழங்கு போட்டுப் பார்க்கிறான். முருகன்தான் பிடித்திருக்கிறான் என்று முடிவாகிறது. முற்றத்தில் மணல் பரப்பிக் களம் அமைத்து, ஆட்டுக்குட்டியைப் பலி கொடுத்து, வேலன் வெறியாடுகிறான். இத்தனை ஏற்பாடு செய்கிற வீட்டில் ஒருவர்கூட அந்த மகளிடம் ‘உனக்கு என்னடி ஆயிற்று?’ என்று கேட்பதில்லை.

இதைப் பாடியே பெயர் பெற்றவர் வெறிபாடிய காமக்கண்ணியார். பெண்பாற் புலவர். அகநானூற்றின் 22ஆம் பாடலில் அவருடைய தலைவி, காதலன் இரவில் வந்து தன் நோயைத் தீர்த்த பிறகு, தொடர்பே இல்லாத வேலனுக்காக நடந்த சடங்கை எண்ணிச் சிரிக்கிறாள். வகுப்பில் இந்தப் பாடலை நடத்தும்போது மாணவிகளும் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். அவரவர் வீட்டுக் களம் அவரவருக்கு நினைவு வரும்போல.

அந்தப் பாடல்களிலேயே மாற்றும் இருக்கிறது. தலைவி தோழியிடம் சொல்கிறாள். தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம் என்று உண்மை மெல்ல வெளியே வருகிறது. இதற்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயர். மனத்தில் இருப்பதைச் சொல்வதும், கேட்டவள் அதற்குத் துணை நிற்பதும் அறம் என்று கருதிய மரபு இது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணங்கள் சொல்கிறது: இழிவுபடுதல், இழத்தல், நிலை தளர்தல், வறுமை. நான்குமே வாழ்க்கையில் நடப்பவை. பேயோ தெய்வமோ அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனாலும் வழக்கத்தில் நிலைத்தது வேலனின் வழிதான். பிற்காலத்தில் அது பேயோட்டாக நம் ஊர்களில் தொடர்ந்தது. உடுக்கை ஒலிக்கத் தலைவிரித்து ஆடுகிறவர்களில் புதிதாக மணமான பெண்கள் பலர். மாமியாரிடமும் கணவனிடமும் சொல்ல முடியாத சொற்கள் அப்போது வாயில் வருகின்றன. பூசாரியும் கேள்வி கேட்கிறார்: ‘யார் நீ? எங்கிருந்து வந்தாய்? என்ன வேண்டும்?’ எல்லாம் பேயிடம் கேட்கப்படுபவை. உச்சிமுடியை எடுத்து மரத்தில் ஆணி அடித்ததும் பேய் போய்விட்டதாக அறிவிக்கப்படுகிறது. அவளும் வீட்டுக்கு, அதே வாழ்க்கைக்குத் திரும்புகிறாள்.

காலனி ஆட்சி இதற்குப் பதிலாக மருத்துவத்தைக் கொண்டுவந்தது. சென்னையில் 1794இலேயே மனநோயாளர் விடுதி ஒன்று ஏற்பட்டது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனை 1871இல் திறக்கப்பட்டது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் ‘பித்தர்’ ஒருவரை உள்ளே அனுப்ப மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கச் சொன்னது. கூடுமானவரை கணவனோ மனைவியோதான் மனுதாரராக இருக்க வேண்டும். எழுத்தில் இருவருக்கும் ஒரே உரிமை. கல்வியும் சொத்தும் யார் கையில் இருந்தன என்பதை நினைத்தால், அந்த உரிமை யாருக்குப் பயன்பட்டிருக்கும் என்பது விளங்கும். வேலன் இருந்த இடத்தில் மாஜிஸ்திரேட் உட்கார்ந்தார்.

அந்த மருத்துவம் பிறந்த ஐரோப்பாவிலும் நிலைமை வேறாக இல்லை. கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த ‘ஹிஸ்டீரியா’ என்ற பெயரே பெண்ணின் எல்லாத் துயரத்துக்கும் போதுமானதாக இருந்தது. 1880களின் தொடக்கத்தில் வியன்னாவில் அந்த நோய்ப்பெயர் சூட்டப்பட்ட ஓர் இளம்பெண், தன் மருத்துவர் பிராயரிடம் பேசப் பேசத் தனக்கு ஆறுதல் கிடைப்பதைக் கண்டாள். அதற்குப் ‘பேச்சு வைத்தியம்’ என்று பெயர் வைத்தவளும் அவளே. 1895இல் பிராயரும் பிராய்டும் வெளியிட்ட நூலில் அவள் ‘அன்னா ஓ’. உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். 1904இல் யூதப் பெண்கள் அமைப்பைத் தொடங்கியவர். இன்று நாம் உளவியல் ஆலோசனை என்று அழைப்பதன் தொடக்கத்தில், தான் சொல்வதைக் கேட்கச் செய்த ஒரு பெண் இருக்கிறார்.

கீழ்ப்பாக்கத்திலும் ஒரு பெண் வந்தார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படும் எம். சாரதா மேனன் 1961இல் அதன் கண்காணிப்பாளரானார். அவர் காலத்தில் வெளிநோயாளர் பிரிவு வளர்ந்தது. அடைபடாமலே சிகிச்சை பெறலாம் என்பது எத்தனை பெரிய மாற்றம்! 1984இல் மனச்சிதைவு நோயாளர்களுக்காக ‘ஸ்கார்ஃப்’ அமைப்பை நிறுவினார். மனநோயை வெறும் ஆணாதிக்கக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது என்பதை அவருடைய பணி நமக்கு நினைவூட்டுகிறது. மாத்திரை வேண்டியவளுக்கு மாத்திரை வேண்டும். திருமணப் பேச்சு தொடங்கியதும் அதை நிறுத்திவிடுகிற வீடுகளும் ஒரு வகையில் அவளைக் கட்டிப்போடுகின்றன.

கட்டிப்போடுவது உவமை மட்டும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்த மனநோயாளர்களால் ஓட முடியவில்லை. இறந்தவர்கள் 28 பேர்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018இல் நடைமுறைக்கு வந்தது. சங்கிலியை அது தடை செய்தது. மனநல சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்றது. அதிகம் பேசப்படாத இன்னொரு பிரிவும் அதில் உண்டு. நான் தெளிவாக முடிவெடுக்க இயலாத நாளில் எனக்குத் துணையாக நின்று முடிவெடுக்க, எனக்கு வேண்டிய ஒருவரை நானே முன்கூட்டி நியமிக்கலாம். அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும். நியமிக்கப்படுபவரும் சம்மதிக்க வேண்டும். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்றும் எழுதிவைக்கலாம்.

எழுதாமல் விட்டால் அந்த இடம் முதலில் உறவினருக்குப் போகும். பெரும்பாலான பெண்களுக்கு அது கணவன் அல்லது அவன் வீட்டார். அவர்களில் நல்லவர்கள் உண்டு. ஆனால் யார் என்பதை அவள் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

சட்டம் ‘நியமனப் பிரதிநிதி’ என்று அழைக்கிறவரை அகப்பாடல்கள் தோழி என்று அழைத்தன. தூக்கம் போன இரவுகளில் 14416 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் போகலாம். அதோடு, நன்றாக இருக்கிற ஒரு பகலில் ஒரு தாளை எடுத்து அந்தப் பெயரை எழுதிவிடலாம். எழுதப்போகிறவளிடம் நாம் முதலில் போய்ச் சொல்ல வேண்டும்: ‘எனக்கு ஒன்று ஆனால் எல்லாரையும் கேட்பதற்கு முன் என்னைக் கேள்.’